வைரஸுக்குக் கட்டடம் கட்டித் தருவது யார்? வாசகர் கேள்விகள்

சோதனைக்குழாயில் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் கலந்தாலே வைரஸ் உருவாகிவிடும் என்று படித்தேன். அப்புறம் ஓம்புயிர் செல்லின், அதாவது வைரஸ் தொற்றும் செல்லின், புரதங்கள் எதற்கு?

நீங்கள் படித்தது புகையிலைத் தேமல் வைரஸைப் பற்றி. ஃபிராங்கெல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் 1955-இல் அதைச் செய்து காட்டினார்கள். ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றி ஒரே புரதத்தின் 2,130 பிரதிகள். அந்த வைரஸின் உடம்பே அவ்வளவுதான். எல்லா வைரஸுக்கும் இது சரிப்படாது. பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது தாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் குரோ-ஈ.எல் புரதம் பழுதானால் லாம்டாவின் தலைப்பகுதி ஒழுங்காக உருவாகாது. 1970-களின் தொடக்கத்தில் இதைத் துருவியவர்கள் வழியாகத்தான், மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதங்களைப் பற்றி நமக்குத் தெரிய வந்தது.

எச்.ஐ.வி. செல்லைவிட்டு எப்படி வெளியேறுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வைரஸின் உடம்பைக் கட்டும் காக் என்ற புரதங்கள் ஆயிரக்கணக்கில் செல் சவ்வின் உட்பக்கம் கூடி, அதை மொட்டாக வெளியே தள்ளும். அதுவரை சரி. மொட்டின் கழுத்தை அறுத்துக்கொண்டு பிரிய மட்டும் வைரஸிடம் சொந்தக் கருவி கிடையாது.

காக்கின் வால்பகுதியில் நான்கே அமினோ அமிலங்களால் ஆன ஒரு கொக்கி இருக்கிறது. செல்லின் டி.எஸ்.ஜி.101 புரதம் அதில் மாட்டும். அதைத் தொடர்ந்து எஸ்கார்ட் என்ற புரதக் குழுவே வந்து சேரும். அதில் ஒரு பிரிவு கழுத்துக்குள் இழைகளாகச் சுருண்டு நெருக்க, வி.பி.எஸ்.4 நொதி செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து வேலையை முடிக்கும். டி.எஸ்.ஜி.101-ஐக் குறைத்தால் வைரஸ்கள் பிரிய முடியாமல் செல்லிலேயே தொங்கி நிற்பதை 2001-இல் பார்த்தார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இணைப்பைத் துண்டிப்பதும் இதே எஸ்கார்ட்தான்.

அப்படியானால் டி.எஸ்.ஜி.101-ஐத் தடுக்க ஒரு மருந்து போதாதா?

சொல்வது சுலபம். அந்த மரபணு அறவே இல்லாத எலிக்கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது. வைரஸின் சொந்தப் பாகத்தைக் குறிவைப்பதே பாதுகாப்பானது என்பது என் எண்ணம். 2022-இல் அனுமதி பெற்ற லெனகாபவிர் அப்படித்தான் வைரஸின் காப்சிட் உறையை, அதாவது ஆர்.என்.ஏ.வைச் சூழ்ந்த புரதக் கூட்டை, தாக்குகிறது.

செல்லின் புரதங்கள் வைரஸுக்குள்ளும் போகுமா?

போகும். சைக்ளோஃபிலின்-ஏ என்ற செல் புரதம் எச்.ஐ.வி. துகளுக்குள் ஏறிக்கொள்வது 1990-களிலேயே தெரியும்.

நம் புரதங்கள் எல்லாமே எதிரிக்கு உடந்தைதானா?

இல்லை! டெதரின் என்று ஒன்று உண்டு. ஒரு முனையைச் செல் சவ்விலும் மறுமுனையை வைரஸின் சவ்விலும் ஊன்றிக்கொண்டு, வெளியேறும் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைரஸ் தாக்கும்போது செல்கள் எச்சரிக்கையாக வெளியிடும் இன்டர்ஃபெரான் சுரந்தால் டெதரின் இன்னும் பெருகும். எச்.ஐ.வி.-1 சும்மா இருக்குமா? அதன் வி.பி.யூ. புரதம் டெதரினைச் செல்லின் மேற்பரப்பிலிருந்தே அகற்றிவிடுகிறது. வி.பி.யூ. இல்லாத வைரஸ்கள் சிலவகைச் செல்களில் மட்டும் ஏன் சிக்கிக்கொள்கின்றன என்ற பழைய புதிர், 2008-இல் டெதரினை அடையாளம் கண்ட பிறகுதான் அவிழ்ந்தது.