தாத்தாவின் இரட்டைக்குழல்: காடை சுடலாமா?

கேள்வி: கே.ஜி.எஃப்.பில் வேலை பார்த்த தாத்தா விட்டுப்போன 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி எங்கள் அல்சூர் வீட்டில் இருக்கிறது. நல்ல கனம், குழல் முழுக்க அலை அலையாகக் கோடுகள். குடகு நண்பரின் எஸ்டேட்டில் இதை வைத்துக் காடை, கௌதாரி சுடலாமா?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் சில பறவைகளுக்கு வேட்டை லைசென்ஸ் இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. சொந்த எஸ்டேட் என்றாலும் இதே கதைதான். குடகர்களுக்கு ஆயுத லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு, சரி. அது துப்பாக்கி வைத்திருக்க, பறவை சுட அல்ல. உங்கள் துப்பாக்கிக்கு அது பொருந்தவும் செய்யாது.

எனக்குக் கவலை அந்த அலைக்கோடுகள்தான். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். பெரும்பாலும் கரிமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்துச் சரக்கு. ஒட்டுகளுக்குள் துரு ஏறியிருந்தால் வெளியே தெரியாது. இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட்டால் குழல் பிளக்கலாம். குழலைத் தாங்கும் கைக்குத்தான் முதல் ஆபத்து. கனமான துப்பாக்கி தாங்கும் என்று நம்பாதீர்கள்.

இன்னொரு சிக்கல். பல பழைய 12 போர்களில் தோட்டா அறை 65 மி.மீ.; இன்று கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70. தோட்டாவின் இந்த நீளம் வெடித்து விரிந்தபின் அளப்பது. அதனால் 70 மி.மீ. தோட்டா சிரமமில்லாமல் உள்ளே போய்விடும். சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் அடியில் ‘நைட்ரோ புரூஃப்’ முத்திரை இருந்தால் புகையற்ற மருந்துக்குச் சோதித்தது என்று அர்த்தம். ஆனால் அது சோதித்த அன்றைய நிலை, அவ்வளவுதான்.

அப்புறம், லைசென்ஸ் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தாத்தாவின் லைசென்ஸ் உங்களுக்குச் செல்லாது. ஆயுதச் சட்டப்படி வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ‘பழங்காலப் பொருள்’ என்ற சமாதானம், பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான். அதற்காக இன்றே தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிடாதீர்கள்! முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஸ்டேஷனில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். வைத்துக்கொள்ள விருப்பமென்றால், 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு என்ற முறையில் போலீஸ் கமிஷனரிடம் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான், பரம்பரைச் சொத்தையும் சேர்த்து.

சுட்டே ஆகவேண்டுமென்றால், துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, அவர்களுடைய துப்பாக்கியால் களிமண் தட்டுகளைச் சுடுங்கள்.