ஆப்ஜெக்ட்களை இணைக்க எது வேகம்: ஸ்பிரெட்டா, அசைனா?

ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டு ஆப்ஜெக்ட்களை (கீ என்ற பெயரும் அதன் மதிப்புமாகத் தரவை வைக்கும் தொகுப்பு) ஒன்றாக்க ஸ்பிரெட் (மூன்று புள்ளி வைத்து விரிப்பது), ஆப்ஜெக்ட்.அசைன் (முதலில் தரும் ஆப்ஜெக்ட்டில் மற்றவற்றின் கீகளை எழுதுவது), ஃபார்-இன் லூப் (கீகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்று) மூன்றில் எது வேகம் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து, இருபது கீ உள்ளதை ஒரே ஒருமுறை இணைப்பதென்றால் எதை எழுதினாலும் சரி, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அடி விழுகிற இடம் வேறு. 1,000 உறுப்புகள் உள்ள அரேயை (வரிசைப் பட்டியல்) ரெடியூஸ் (உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்குவது) போட்டு ஒரே ஆப்ஜெக்ட்டாக்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று புள்ளி வைத்துப் பழையதை விரித்து, புதிதாக ஒரு கீயைச் சேர்த்துத் திருப்பித் தருகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் முதல் சுற்றில் 0, அடுத்ததில் 1, கடைசியில் 999 என்று பழைய கீகளை மட்டுமே 4,99,500 முறை நகலெடுத்திருப்போம். அரே 10,000 ஆனால் இது கிட்டத்தட்ட ஐந்து கோடி! முதல் சுற்றில் தந்த அதே ஆப்ஜெக்ட்டில் நேரடியாகக் கீயை எழுதிக்கொண்டே போனால் வெறும் 10,000 முறை எழுதினாலே வேலை முடிந்துவிடும். வெளியே யாரும் பார்க்காத ஆப்ஜெக்ட்டை மாற்றினால் குற்றமில்லை.

அசைனும் அப்படித்தான். முதல் இடத்தில் காலி ஆப்ஜெக்ட் கொடுத்தால் ஸ்பிரெட் போலவே எல்லாக் கீகளும் நகலாகும்; இருப்பதையே கொடுத்தால் நகல் இல்லை, ஆனால் மூலம் மாறிவிடும். ரியாக்ட் ஸ்டேட்டில் (திரையில் காட்டும் தரவு; புது ஆப்ஜெக்ட் தந்தால்தான் மாற்றம் தெரியும்) இதைச் செய்துவிட்டு, 'திரை ஏன் மாறவில்லை' என்று முழிக்காதீர்கள்.

அப்புறம், ஃபார்-இன் ப்ரோட்டோடைப்பில் (ஓர் ஆப்ஜெக்ட் பண்புகளைப் பெறும் மூல ஆப்ஜெக்ட்) இருக்கும் எண்ணத்தக்க (enumerable) கீகளையும் இழுத்து வரும். அதனால் அதை மற்ற இரண்டோடு வேகத்தில் ஒப்பிடுவதே சரியில்லை.