பெருநகர சைக்கிள் பாதைத் திட்டமிடல்: கேள்வி பதில்

வேளச்சேரி வாசி: சார், வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆர் வழியாகச் சோழிங்கநல்லூர் வரைக்கும் அறுபடாத சைக்கிள் பாதை வேண்டும் என்று மனு எழுதப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரைபடத்தில் பச்சைக் கோடு இழுப்பதற்கு முன், அந்தச் சாலை யாருடையது என்று எழுதுங்கள். மாநகராட்சி கையில் உள்ள பேருந்து வழித்தடச் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர்தான். அண்ணா சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓஎம்ஆரை அகலப்படுத்தியது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். 2014-இல் மாநகராட்சி மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கை கொண்டுவந்தது, நல்ல ஆவணம். ஆனால் அடுத்த துறையின் சாலையில் அது ஒரு கல்லைக்கூட நகர்த்தாது. பாதை அறுபடுவது பெரும்பாலும் இந்த எல்லைகளில்தான்.

லண்டனிலும் இதே கதை. நகரப் போக்குவரத்து நிறுவனத்திடம் இருப்பது 5 சதவீதச் சாலை; மீதியெல்லாம் பெரும்பாலும் பரோ கவுன்சில்கள் என்ற உள்ளூர் மன்றங்களிடம். ஜெர்மனியின் ரூர் பகுதியில் டூயிஸ்புர்க் முதல் ஹாம் வரை 101 கிலோமீட்டர் விரைவு சைக்கிள் பாதை திட்டமிட்டார்கள். வழியில் எத்தனையோ நகராட்சிகள். 2016-இல் மாநிலச் சட்டத்தையே திருத்தி, இவ்வகைப் பாதையை மாநிலச் சாலைக்கு இணையாக்கினார்கள். அப்படியும் வேலை ஆமை வேகம்தான். அந்தத் திருத்தமும் இல்லாதிருந்தால் ஆமையும் இல்லை.

மனுவோடு ஓர் அட்டவணை இணையுங்கள். 100 மீட்டருக்கு ஒரு வரி: சாலை யாருடையது, கட்டட முகப்புக்கு முகப்பு எத்தனை மீட்டர், எத்தனை கேட்களும் சந்துகளும் திறக்கின்றன, மின்வாரியப் பெட்டியும் மழைநீர் வடிகால் மூடியும் எங்கே. நகல் கும்டாவுக்கும் (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம்) போகட்டும். துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் அந்த ஆணையம்.

சந்தேகப் பிராணி: சென்னை வெயிலில் யார் சார் ஓட்டுவார்கள்?

பதில்: இப்போதே ஓட்டுகிறவர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், செக்யூரிட்டிகள், பேப்பர் போடுகிறவர்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள். சாலைக்கும் பாதைக்கும் நடுவே 1.5 மீட்டர் மண் பட்டை விட்டுப் புங்கை வையுங்கள்.

கணக்குப் பிள்ளை: எங்கள் சாலையில் எண்ணிப் பார்த்தோம், சைக்கிள் 2 சதவீதம்கூட இல்லை. எப்படி நியாயப்படுத்துவது?

பதில்: எத்தனை மணிக்கு எண்ணினீர்கள்? கார் நெரிசலை அளக்கும் 8 முதல் 11 மணி வரை என்றால், பல பேர் அதற்குள் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். காலை 5 முதல் இரவு 9 வரை, பள்ளி நடக்கும் இரண்டு வேலை நாள்களில் எண்ணுங்கள். மீன்பாடி வண்டி, சிலிண்டர் ஏற்றிய சைக்கிள், எதிர்த்திசையில் வருகிறவர்கள், மூன்றுக்கும் தனிக் கட்டம் போடுங்கள்.

கோவைக்காரன்: வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரைந்தால் போதாதா? கர்ப் (ஓரக்கல்) கட்டினால் செலவு அதிகமாகுமே.

பதில்: கோடு போட்டால் அது பைக் பார்க்கிங். லண்டன் 2010-இல் நீல வண்ணம் அடித்து ‘சூப்பர்ஹைவே’ என்றது. பிறகு காசு செலவழித்துக் கர்ப் கட்டியது. டெல்லி அம்பேத்கர் நகர்–மூல்சந்த் பேருந்துத் தடத்தில் தனி சைக்கிள் பாதையே இருந்தும் பைக்குகள் புகுந்தன.

சாலையைவிட 10 சென்டிமீட்டர் உயரம், ஒருவழிக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம். நுழைவில் கம்பங்களுக்கு இடையே 1.5 மீட்டர் விடுங்கள். குறைத்தால் மூன்று சக்கர வண்டியும் மாற்றுத் திறனாளி வண்டியும் சிக்கும். கூட்டினால் கார் புகும். பைக்கை எந்தக் கம்பமும் தடுக்காது, அதற்குப் போலீஸ்தான். கேட் வருகிற இடத்தில் பாதையை இறக்காதீர்கள். கார்தான் ஏறி இறங்கட்டும். வடிகால் சல்லடைக் கம்பிகள் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்கே இருந்தால் டயர் உள்ளே போய்விடும்.

கடலோரம்: இரண்டு பக்கமும் எதற்கு? ஒரே பக்கம் 3 மீட்டரில் இருவழிப் பாதை போட்டால் இடமும் பணமும் மிச்சம்.

பதில்: கடைகளும் சந்துகளும் உள்ள சாலையில் வேண்டாம். சந்திலிருந்து இடப்பக்கம் திரும்புகிற ஓட்டுநர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். இருவழிப் பாதையில் பாதிப் பேர் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருவார்கள். அடி விழுவது அங்கேதான்.

கடலோரம்: ஊரே இப்போதும் ராங் சைடில்தான் வருகிறது. நீங்கள் ஒருவழி என்று எழுதினால் மாறிவிடுமா?

அண்ணாநகர் அரைக்கால்: சரியாகக் கேட்டார். மீடியனில் அடுத்த திறப்பு முக்கால் கிலோமீட்டரில் இருந்தால் ராங் சைடில் வராமல் என்ன செய்வான்?

பதில்: இது நியாயமான வாதம். ராங் சைடு வருகை, குறுக்கே கடக்க இடமில்லை என்பதன் அடையாளம். 250–300 மீட்டருக்கு ஒரு கடப்பு கொடுங்கள், ராங் சைடு குறையும். கொடுக்கவே முடியாத இடத்தில், அந்தத் துண்டுக்கு மட்டும் இரு பக்கமும் 3 மீட்டர் இருவழி போடுங்கள். சந்து வாயில்களை மேடாக்குங்கள். முழுச் சாலைக்கும் ஒரே பக்கம் இருவழி என்பது பக்கிங்காம் கால்வாய், ரயில் தண்டவாளம் மாதிரி ஒரு பக்கம் திறப்பே இல்லாத ஓரத்துக்குத்தான்.

கடலோரம்: 3 மீட்டர் இரு பக்கமும் என்றால் 6 மீட்டர். பார்க்கிங் போய்விடும், கடைக்காரர்கள் விடமாட்டார்கள்.

பதில்: பார்க்கிங் போகத்தான் வேண்டும். அதை மறைத்துத் திட்டம் எழுதினால் கட்டும்போது பாதை 1.2 மீட்டராகச் சுருங்கி நிற்கும்.

இன்னொன்று, எத்தனை முறை சொன்னாலும் தகும்: ஃப்ரீ லெஃப்ட். சைக்கிள் நேராகப் போகிற இடத்தில் வண்டிகள் நிற்காமல் இடப்பக்கம் வெட்டுகிற அந்த வளைவை எடுக்காமல் வேறு எதைக் கட்டியும் பயனில்லை. முனை வளைவு ஆரத்தை 5 மீட்டர் அளவுக்குக் குறையுங்கள், வண்டி தானாக மெதுவாகும். சிக்னலில் 30 மீட்டர் கடக்க மணிக்கு 12 கிலோமீட்டரில் 9 விநாடி, மிதித்துக் கிளம்ப 3 விநாடி. ஆக குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுவதற்கு 12 விநாடி முன்னதாகவே சைக்கிளுக்கான பச்சை முடிய வேண்டும்.

மெட்ரோ பயணி: மெட்ரோ நிலையத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நடந்து வருகிறவர் 800 மீட்டர், சைக்கிளில் வருகிறவர் 3 கிலோமீட்டர். பரப்பளவாகப் போட்டால் 14 மடங்கு. நிலைய வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கூரையும், சைக்கிள் ஃபிரேமைப் பூட்டும் கம்பியும் வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கிற கம்பி வளைந்துவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது. இங்கே 200-இல் ஆரம்பிக்கலாம்.

உயரப் பறப்பவன்: எல்லாவற்றுக்கும் மேலே பறக்கும் சைக்கிள் பாதை போடலாமே?

பதில்: 6 மீட்டர் ஏற, 20-க்கு 1 சரிவில் 120 மீட்டர் மிதிக்க வேண்டும். நீங்கள் முதலில் ஏறிக் காட்டுங்கள்.

திருச்சி நண்பன்: நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

பதில்: சந்தேகப் பிராணிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

புதுசு: 20,000 ரூபாய்க்குள் கியர் சைக்கிள் எது நல்லது?

பதில்: இது பாதைக்கான பகுதி. கடைக்காரரைக் கேளுங்கள், மட்கார்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வேளச்சேரி வாசி: அட்டவணை போட ஆரம்பித்துவிட்டோம் சார். முதல் 600 மீட்டரிலேயே 41 திறப்பு.

பதில்: எத்தனை வீட்டு கேட், எத்தனை சந்து, எத்தனை பெட்ரோல் பங்க் என்று பிரித்து அனுப்புங்கள். பங்க்குக்கு உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, இரண்டாக எண்ணுங்கள்.