மின்காந்தப் புல அளவி வாங்கி வீட்டை அளந்தேன், கட்டில் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது. பயப்பட வேண்டுமா?

மீட்டர் பெட்டி இருக்கும் சுவரை ஒட்டிக் கட்டில், அளவியில் 8 என்று எண், கூடவே சிவப்பு விளக்கு. அன்றிலிருந்து தூக்கமில்லை என்கிறீர்கள். எனக்கு அது நன்றாகவே புரிகிறது. மகள் பிறந்த புதிதில் நானும் ஒன்று வாங்கி, இரவெல்லாம் அறை அறையாக அளந்துகொண்டு திரிந்தேன். அதுவரை நிம்மதியாகத் தூங்கிய வீடுதான். சுவரில் எதுவும் மாறவில்லை, ஓர் எண் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எந்த எண்ணில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் எனத் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. மின்கம்பி, மின்சாதனங்களின் காந்தப்புலத்துக்கு, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010-இல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நரம்புகளைத் தூண்டுவது போன்ற உடனடி விளைவுகளைத் தடுக்க வைத்தது அது. பல அளவிகளோ 0.4 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியே சிவப்பாகின்றன. அந்த எண்ணுக்கு மூலம் வேறு: சராசரியாக 0.3, 0.4-க்கு மேல் புலம் இருந்த வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்கு தெரிந்ததாகச் சொன்ன ஆய்வுத் தொகுப்புகள். அப்படிப்பட்ட வீடுகள் மிகச் சில. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை, எப்படி நிகழும் என்பதற்கும் விளக்கம் கிடைக்கவில்லை. அதனால்தான் 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புலத்தைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் நிறுத்தியது. ஆக இரண்டு எண்களும் இரு வேறு கேள்விகளுக்கான பதில்கள். கையில் இருக்கும் கருவி ஒன்றை மட்டும் காட்டினால், நமக்கு அது தீர்ப்பு போலத் தெரிகிறது.

இன்னொன்று, அந்த 0.4 நாள்கணக்கான சராசரி. ஒரு நொடி காட்டும் எண்ணோடு அதை ஒப்பிட முடியாது.

அலைகள் உடலை வருத்துகின்றன என்று சொல்பவர்களின் தலைவலியை நான் பொய் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் யாருக்கும் தெரியாமல் கருவியை இயக்கியும் அணைத்தும் நடத்திய சோதனைகளில், எப்போது ஓடுகிறது என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அணைத்திருந்தபோதும் வலி வந்தது. பயமே உடம்பில் இறங்கும் என்பதால்தான், அளந்தவுடன் அதற்கு அர்த்தமும் தெரிய வேண்டும் என்கிறேன்.

தொட்டிலை நான் ஒரு மீட்டர் நகர்த்தினேன், எண் 0.6-இலிருந்து 0.1-க்குக் கீழே போனது. தூரம் கூடினால் புலம் வேகமாகக் குறையும். செலவில்லாத காரியம், நீங்களும் கட்டிலை நகர்த்துங்கள். அதற்கு முன், அந்த 8-க்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். மில்லிகாஸ் என்றால் அது 0.8 மைக்ரோடெஸ்லா.