அங்குசம் இல்லாத கை

கேள்வி: மதம் பிடித்த நாளாகிரி யானையைப் புத்தர் அடக்கினார் என்கிறார்கள். பௌத்தத்தில் யானை எதன் அடையாளம்? வீட்டில் வெள்ளை யானைச் சிலை வைத்தால் யோகமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: சிலை வைப்பது உங்கள் விருப்பம். அடக்கினார் என்கிறீர்களே, எதைக் கொண்டு?

ராஜகிருக நகரத் தெருவில், புத்தரைக் கொல்ல அவருடைய உறவினன் தேவதத்தன் ஏவிவிட்ட யானை அது. குடம் குடமாகக் கள்ளை ஊற்றி அனுப்பினார்கள் என்கிறது புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை. புத்தர் கையில் அங்குசம் கிடையாது. அன்போடு நெற்றியைத் தடவிக்கொடுத்தார். யானை அவர் பாதத்துத் தூசியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது. சிலர் தடியாலும் அங்குசத்தாலும் சவுக்காலும் பழக்குவார்கள். இவர் தடியும் ஆயுதமும் இல்லாமல் பழக்கினார் என்று ஜனங்கள் பாடியதாக, பிக்குகளின் ஒழுக்க நூலான வினயபிடகம் சொல்கிறது.

புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்த வெள்ளை யானையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பாரிலேயகக் காட்டு யானைதான் பெரிது. கோசாம்பி நகரில் பிக்குகள் ஓயாமல் சண்டை போட, புத்தர் அவர்களை விட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். மந்தையின் தொல்லை பொறுக்காமல் தனியே வந்த ஒரு கொம்பன் அவருக்குத் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தது. யாரும் அதைக் கட்டிவைக்கவில்லை, ஏவவுமில்லை.

கோயில் யானையைச் சிமெண்டுத் தரையில் சங்கிலி போட்டு நிறுத்தாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான். 'சம்பிரதாயம் தெரியாதவர்' என்று கோபிக்கிற அன்பர்கள் இந்த முறையும் எழுதட்டும், பிரசுரிக்கிறேன். மைல்கணக்கில் நடக்கப் பிறந்த பிராணியின் காலைப் பூட்டிவைப்பதைப் பக்தி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொண்டிக்காரர் கேட்டதால் இன்னொன்று. இலங்கையில் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானை சுமந்து வருவது, புத்தரின் பல் என்று போற்றப்படும் தந்ததாதுவின் பேழை. பல்லாண்டு சுமந்த ராஜா என்ற கொம்பன் 1988இல் இறந்தது. அந்தத் தாது 13ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்திருக்கிறது. ஆரியச்சக்கரவர்த்தி என்ற பாண்டியத் தளபதி இலங்கையின் அன்றைய தலைநகர் யாப்பகூவாவைப் பிடித்து, தாதுவைக் கொண்டுவந்து குலசேகர பாண்டியனிடம் கொடுத்தான். பின்னாளில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் 'சேது' என்று பொறித்திருக்கிறது. நம் கரையின் பெயர். தாதுவை இழந்த சிங்கள அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு போர் தொடுக்கவில்லை. பாண்டியனை நேரில் கண்டு, பேசிப் பேசியே தாதுவைத் திரும்பப் பெற்றுப் போனான் என்கிறது இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம்.

கடலில் பிடித்துவைத்த நம் படகுகளைப் பற்றிப் பேச உட்காரும் இரு கரை அதிகாரிகளும் முதலில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வரட்டும்.