வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

வீடியோ கேம், கைப்பேசி, இணையம் குறித்த வாசகர் கேள்விகளுக்கான பகுதி இது. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், காசு கொடுத்து வாங்கிய கேம்கள் காணாமல் போவதைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே அவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமை நிறுவனமே மூடிவிட்டதால், அதை வாங்கியவர்களாலும் விளையாட முடியவில்லை என்று படித்தேன். விற்ற பொருளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வது எப்படிச் சட்டப்படி சரியாகும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: அந்த கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவைச் சுருக்கி ஒரே வரைபடத்துக்குள் அடக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை நிறுத்தாமல் காரோட்டிச் செல்லலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஒருவர் தன்னந்தனியாகக் கதைப் பகுதியை விளையாடினாலும், நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கிடைத்தால்தான் கேம் திறக்கும் என்ற வகையில் அதை வடிவமைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தபோது, அதை டிஸ்க்காக வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தவர்களுக்கும் அதே கதிதான். அடுத்த சில நாட்களில் பலருடைய கணக்குகளிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது.

சட்டத்தின் பார்வையில் நீங்கள் பொருளை வாங்கவே இல்லை. நிறுவும்போது நாம் யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தம் உங்களுக்குத் தருவது பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. அந்த அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமையையும் பெரும்பாலான நிறுவனங்கள் அதே ஒப்பந்தத்தில் தமக்கென்று எழுதி வைத்துக்கொள்கின்றன. இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2024 அக்டோபரில், கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம், பணம் செலுத்தும் பக்கத்தில் 'நீங்கள் பெறுவது உரிமம்' என்ற வரியைச் சேர்த்துவிட்டது. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பே இல்லாமல் என்றென்றும் பயன்படுத்தக்கூடியவற்றுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஜி.ஓ.ஜி. போன்ற கேம் விற்பனைத் தளங்கள் நிறுவும் கோப்பையே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவதால், அவர்கள் நாளை கடையைக் கட்டிவிட்டாலும் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது உங்களோடு இருக்கும்.

'தி க்ரூ' மூடப்பட்டதற்கு எதிர்வினையாக, ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் கோரிக்கை ஒன்றை அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கட்டாயம் பரிசீலிக்க வேண்டுமானால் 10 லட்சம் கையொப்பங்கள் தேவை. 2025 ஜூலையில் இவர்களுடைய கோரிக்கை அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. இவர்கள் கேட்பது அளவானதுதான். சர்வரைக் காலமெல்லாம் நடத்துங்கள் என்று இவர்கள் சொல்லவில்லை. மூடும் நாளில், வாங்கியவர் ஏதோ ஒரு வழியில் தொடர்ந்து விளையாடக்கூடிய நிலையில் கேமை விட்டுச் செல்லுங்கள் என்கிறார்கள். கேம் நிறுவனங்களின் ஐரோப்பியச் சங்கமோ, தனியார் சர்வர்களில் பயனர்களின் தரவைப் பாதுகாக்க முடியாது என்றும், இப்படி ஒரு கட்டாயம் வந்தால் தயாரிப்புச் செலவு தாங்க முடியாத அளவுக்கு உயரும் என்றும் பதில் சொன்னது. பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த கேம்களுக்கு அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இனிமேல் உருவாகப்போகும் கேம்களுக்கும் அதையே சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே திட்டமிட்டால் செலவு அவ்வளவு ஆகாது. எதிர்ப்பு வலுத்த பிறகு இதே யூபிசாஃப்ட், அதே வரிசையின் இரண்டாவது கேமுக்கு இணையமின்றி விளையாடும் வசதியைச் செய்து கொடுத்ததே!

பணத்தைத் திருப்பித் தருவதும் நடக்காத காரியமல்ல. கூகுள் தன் ஸ்டேடியா என்ற இணையவழி கேம் சேவையை 2023 ஜனவரி 18 அன்று நிறுத்தியபோது, வாங்கிய கேம்களுக்கும் கன்ட்ரோலருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோனியின் 'கான்கார்ட்' என்ற கேம் 2024 ஆகஸ்டில் வெளிவந்து இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் முழுத் தொகையும் திரும்பக் கிடைத்தது. இந்தியாவில் கலிஃபோர்னியாவில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை பற்றிய பிரிவுகளைக் காட்டி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், துப்பாக்கிச் சண்டை கேமில் உடை, துப்பாக்கி நிறம் என்று அவ்வப்போது பணம் கட்டுகிறான். கேட்டால், 'ஸ்கின் நம்ம அக்கவுண்ட்லயே இருக்கும்மா, எங்கேயும் போகாது' என்கிறான். அது உண்மையா?
– குடும்பத் தலைவி, ஈரோடு

பதில்: கணக்கு இருக்கும் வரை இருக்கும். கணக்கு இருப்பது அவன் கையிலும் இல்லை, சில நேரங்களில் நிறுவனத்தின் கையிலும் இல்லை. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது அதில் பப்ஜி மொபைலும் இருந்தது. அக்டோபர் இறுதியில் இந்தியாவுக்கான சர்வர்களும் நின்றன. 2021 ஜூலையில் அதே கேம் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்ப வந்தது. பழைய கணக்கில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள் என்றாலும், அதற்கும் ஒரு கெடு இருந்தது. அதற்குள் கவனிக்காதவர்கள் இழந்தார்கள். அதுவும் 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் மறுபடி கிடைத்தது. இத்தனைக்கும் இது பிழைத்துக்கொண்ட கேம்.

அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். திரைப்படத்துக்குச் சீட்டு எடுப்பதைப்போல, அன்றைய மகிழ்ச்சிக்கான செலவு என்று நினைத்துக் கட்டினால் தவறில்லை. பின்னால் விற்கலாம், சேர்த்து வைக்கலாம் என்று எண்ணிக் கட்டினால்தான் ஏமாற்றம். மாதத்துக்கு இவ்வளவு என்று மகனோடு பேசி ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். ப்ளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தவறுதலாகப் பணம் போய்விட்டால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்பதுதான் எளிது.

கேள்வி: பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து மினிகிளிப் தளத்தில் விளையாடிய கேம்களை இப்போது என் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லை. எல்லாம் அழிந்துவிட்டனவா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: அழிந்துவிடவில்லை. அந்தக் காலத்து கேம்களில் பெரும்பாலானவை அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளை நம்பியிருந்தன. பாதுகாப்பு ஓட்டைகளும், ஐபோனில் அதற்கு இடம் கிடைக்காமல் போனதும் சேர்ந்து அதன் ஆயுளைக் குறைத்தன. 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஃபேஸ்புக்கில் ஊரே பயிர் வைத்த 'ஃபார்ம்வில்' முதல் பதிப்பும் அதே நாளில் மூடப்பட்டது.

ஆனால் ரசிகர்கள் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். 2018இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'ஃபிளாஷ்பாயிண்ட்' என்ற தொகுப்பில் லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்கள் இருக்கின்றன. கணினியில் நிறுவிக்கொண்டு, வேண்டியதை மட்டும் தரவிறக்கி விளையாடலாம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால், இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் 'ரஃபிள்' என்ற மென்பொருளின் துணையோடு பல கேம்கள் உலாவியிலேயே ஓடுகின்றன. ஃபிளாஷின் பிற்காலப் பதிப்புகளில் எழுதப்பட்ட சில மட்டும் அங்கே இடையில் தடுமாறக்கூடும். அவற்றுக்கு ஃபிளாஷ்பாயிண்ட்டே மேல்.

கேள்வி: டிஸ்க்காக வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காது அல்லவா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: முன்பு பெருமளவு உண்மை, இப்போது பாதிதான் உண்மை. தனியாள் விளையாடும் கேம் முழுவதும் டிஸ்க்கிலேயே இருந்தால், விளையாடி முடித்த பின் விற்கவும், நண்பருக்கு இரவல் தரவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. சர்வரை நம்பியிருக்கும் கேம் என்றால் டிஸ்க் பயன்படாது என்பதை மேலே பார்த்தோம். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ சுவிட்ச் 2 கருவிக்கு விற்கப்படும் சில அட்டைகளில் கேமே இருப்பதில்லை. அட்டையைச் செருகினால் இணையத்திலிருந்து தரவிறக்க அனுமதி மட்டும் கிடைக்கும். அதை மறுவிற்பனை செய்யலாம் என்றாலும், தரவிறக்கும் சர்வர் நிற்கும் நாளில் புதிதாக வாங்கியவருக்கு வெறும் அட்டைதான் மிஞ்சும். இத்தகைய கேம்களின் பெட்டி முகப்பில் கீழ்ப்புறம் அறிவிப்பு இருக்கும். கடையில் வாங்கும்போது அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஸ்டீம் கணக்கில் நான் சேர்த்து வைத்திருக்கும் கேம்களைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: கணக்கை மற்றொருவருக்கு மாற்றித் தர ஸ்டீமின் ஒப்பந்தம் இடம் தரவில்லை. 2024இல் வந்த குடும்பப் பகிர்வு வசதியில் ஒரே வீட்டில் வசிக்கும் 6 பேர் வரை சேரலாம். நீங்கள் ஒரு கேமை விளையாடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தொகுப்பிலுள்ள வேறொன்றைத் தம்பி விளையாடலாம். உங்கள் கேமில் அவர் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்திச் சிக்கினால், தடை உங்கள் கணக்கின் மீதும் விழும். அவரைச் சேர்ப்பதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.