லேசருக்கு மண்ணுக்கடியில் கண் தெரியுமா?

கேள்வி: எரிவாயுக் குழாயில் கசிவு இருந்தால், தூரத்தில் நின்றே லேசரைக் காட்டிக் கண்டுபிடித்துவிடுகிறார்களாமே! அப்படியானால் நிலத்தடி எண்ணெயையும் விமானத்திலிருந்து லேசர் அடித்தே கண்டுபிடிக்கலாம்தானே? எதற்குத் துளை போட்டுப் பார்க்கிறார்கள்?

பதில்: முதல் பாதி சரி, இரண்டாவது பாதிதான் உதைக்கிறது. லேசர் ஒளி மண்ணுக்குள் போகாது. வெளியே வந்து காற்றில் கலந்துவிட்ட வாயு மட்டுமே அதற்குத் தெரியும்.

குழாய்ப் பாதை ஆய்வில் வேலை பார்த்தவன் என்பதால் கைக்கருவியிலிருந்தே தொடங்குகிறேன். குழாய் எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அலைநீளம் 1.65 மைக்ரான் பக்கமுள்ள அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கும். அந்த ஒளியைச் சுவரிலோ தரையிலோ அடித்து, திரும்பி வருவதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கருவி பார்க்கும். சுமார் 30 மீட்டர் தள்ளி நின்று அளக்கலாம். பூட்டிய அறையைக்கூடக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சோதிக்கலாம். பின்னால் வெறும் வானம் இருந்தால் ஒளி திரும்பாது, ஒன்றும் தெரியாது.

திரையில் வரும் எண்ணில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அது பிபிஎம்-மீட்டர், அதாவது வாயுவின் அடர்த்தியை (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது), ஒளி அதற்குள் போகும் நீளத்தால் பெருக்கியது. 100 பிபிஎம்மில் 1 மீட்டரும், 10 பிபிஎம்மில் 10 மீட்டரும் ஒரே 100தான். கசிவே இல்லாத காற்றிலும் சுமார் 1.9 பிபிஎம் மீத்தேன் உண்டு. 30 மீட்டருக்கு அதுவே 57 ஆகிவிடும். அதனால் எண் ஏறியதும் இடம் மாறி நின்று வேறு கோணங்களில் பார்ப்பேன். காற்று வரும் திசை நோக்கி நகர நகர எண் ஏறும்; கசிவைத் தாண்டியதும் சட்டென்று விழும். அப்போதும் உடனே தோண்டச் சொல்ல மாட்டேன். புதைந்த குழாயின் வாயு ஓட்டைக்கு நேர்மேலே வராமல் தள்ளியும் வெளியேறும். கம்பியால் சிறு துளைகள் போட்டு, எதில் வாயு அதிகம் என்று அளந்த பிறகுதான் மண்வெட்டி.

அப்புறம் எண்ணெய்த் தேடல். நிலத்தடியில் எண்ணெய் தேங்கிய சில படுகைகள் தாமாகவே கசியும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859-ல் எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டியது, எண்ணெய் மிதந்த ஆயில் கிரீக் ஓடையை ஒட்டித்தான். கடலில் அப்படி மிதக்கும் படலத்தின் மேல் விமானத்திலிருந்து புறஊதா லேசர் பட்டால், எண்ணெய் ஒளிரும். அதைப் பதிவு செய்யலாம். நிலத்தில் மீத்தேனை மட்டும் நம்பக் கூடாது. சதுப்பு நிலமும் குப்பைமேடும்கூட அதைத் தரும். கூடவே ஈத்தேனும் தெரிந்தால்தான் எனக்கு ஆர்வம் பிறக்கும். நுண்ணுயிர்கள் ஈத்தேனை அநேகமாக உண்டாக்குவதில்லை. ஆழத்து வெப்பத்தில் உருவாவது அது.

ஆனாலும் கசிவு பாறைப் பிளவு வழியே வெகுதூரம் நகர்ந்து வந்திருக்கலாம். நன்றாக மூடிய படுகையோ கசியவே கசியாது. ஆகவே நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கும் நில அதிர்வு ஆய்வும் துளையும் தேவைதான்.

கேள்வி: அதே கைக்கருவி சமையல் சிலிண்டர் கசிவையும் காட்டுமா?

பதில்: காட்டாது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். மீத்தேனுக்காக அமைத்த லேசருக்கு அவை தெரியாது. அவை காற்றைவிடக் கனமானவை, தரையோடு தேங்கும். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.